மூன்றாம் பீரங்கி நின்ற இடம்

அன்றைக்குக் காலையில் தட்டில் ஒரே ஒரு ரொட்டித் துண்டுதான் மிச்சம் இருந்தது. அதன் மேல் இரண்டு பேருக்குக் கண். ஒருவர் அப்பா. இன்னொருத்தி சுண்டு.

சுண்டு என்பது பள்ளிக்கூடப் பெயர் இல்லை. சுண்டெலி மாதிரி எந்தச் சந்திலும் நுழைந்து விடுகிறாளே என்று அம்மா வைத்த பெயர் அது. தெரு முழுக்கப் பரவி, கடைசியில் வகுப்பு ஆசிரியையின் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அப்பாவின் கை மெல்லத் தட்டை நோக்கி நகர்ந்தது.

சுண்டு சட்டென்று நாற்காலியில் ஏறி நின்றாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்து விறைப்பாக நின்றாள்.

அப்பாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"இது அநியாயம்! வேலை நடக்கிற இடத்துலதான் அந்த சைகை செல்லும். சாப்பாட்டு மேசையில எல்லாம் செல்லாது" என்றார் அப்பா.

"அதெல்லாம் முடியாதுப்பா. நிறுத்துன்னு யார் கை காட்டினாலும் வண்டியை நிறுத்தணும், எதுக்குன்னு அப்புறம்தான் கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். முதலாளி காட்டினாலும் சரி, வழியில போறவங்க காட்டினாலும் சரி..."

"காக்கா காட்டினாலும் சரி" என்று முடித்த அம்மா, அந்த ரொட்டியைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பஞ்சாயத்து அத்தோடு முடிந்தது.

சுண்டுவின் அப்பா மண் தோண்டும் வண்டி ஓட்டுகிறவர். மஞ்சள் நிறத்தில், நீண்ட கையும் பல் வைத்த வாளியுமாக இருக்கும் அந்த வண்டிக்குத் தெருப் பிள்ளைகள் மஞ்சள் யானை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வாரமாக மஞ்சள் யானை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில்தான் நின்றது. அங்கே ஊருக்குப் புதிய தண்ணீர்த் தொட்டி வரப்போகிறது.

"அப்பா, மெத்தைப் பாறையை உடைக்க மாட்டீங்கல்ல?"

மெத்தைப் பாறை என்பது மேட்டில் கிடக்கும் தட்டையான பெரிய பாறை. ஊரில் அதன் மேல் சறுக்கி டவுசர் கிழிக்காத பிள்ளையே கிடையாது.

"தொடவே மாட்டேன். அதுக்குப் பின்னாடிதான் குழி. இன்னிக்குப் பதினோரு மணிக்கு அங்கே ஆரம்பம். ரெண்டு ஆள் ஆழம் தோண்டணும். ஒரு நிமிஷம் தள்ளிப்போனாலும் கடிகார சார் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்."

கடிகார சார் என்பவர் அங்கே வேலையை மேற்பார்வை பார்க்கிறவர். மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விடத் தன் கைக்கடிகாரத்தைத்தான் அதிகம் பார்ப்பார்.

அப்பா மேட்டுக்குக் கிளம்பினார். பள்ளி விடுமுறை என்பதால், சுண்டு அம்மாவோடு கடைக்குக் கிளம்பினாள்.

அம்மாவின் கடை படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சுவர் முழுக்க விதவிதமான மரச் சட்டங்கள் மாட்டியிருக்கும். கண்ணாடி வெட்டும் மேசை ஒரு பக்கம், பசைக் கிண்ணம் ஒரு பக்கம். கண்ணாடி மேசைக்குப் பக்கத்தில் சுண்டு போகக் கூடாது. பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போகலாம், ஆனால் விரலை விடக் கூடாது. இந்த இரண்டாவது சட்டம் எப்படி வந்தது என்பது வேறு கதை, அதை இப்போது கிளற வேண்டாம்.

பத்து மணிக்குத் தபால் மாமா வந்தார். இன்றைக்கு அவர் கையில் கடிதம் இல்லை. துணியில் சுற்றிய ஒரு படம் இருந்தது.

"அடடா! கண்ணாடி போச்சா, அண்ணா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. சுவர்ல கடிகாரம் மாட்ட ஆணி அடிச்சேன். ஆணி இந்தப் பக்கம் போகல, அடி அந்தப் பக்கம் போயிடுச்சு. எங்க தாத்தா வரைஞ்சது இது. அவர் முகத்தைக் கூட நான் பார்த்ததில்ல. வீட்டுல அவரோடதுன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். பத்திரமா பாத்துக் குடுங்க."

சுண்டு எட்டிப் பார்த்தாள். விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பின்னால் பென்சில் படம் ஒன்று தெரிந்தது. வரிசையாக நான்கு பீரங்கிகள். மேலே வலை, வலையில் செருகிய இலைகள். சுற்றி அடுக்கிய மணல் மூட்டைகள். ஒரு சிப்பாய் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு தூங்கினான். இரண்டாவது பீரங்கியின் நீண்ட குழாயில் ஏழெட்டுக் காலுறைகள் காய்ந்தன.

"மாமா! பீரங்கியில சாக்ஸ் காயுது!"

"பின்னே? சண்டைன்னா கால் நனையாதா?" என்று சிரித்தார் தபால் மாமா. "தாத்தா பீரங்கிப் படையில இருந்தார். குறி தப்பவே தப்பாதாம். ஆனா எங்க வீட்டுப் புகைபோக்கியைக் கட்டினவரும் அவர்தான். அதை நீ பார்த்திருக்கியே?"

பார்க்காமலா? தபால் மாமாவின் வீட்டுக் கோணல் புகைபோக்கி ஊருக்கே பிரசித்தம். யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

"இது எந்த இடம் மாமா?"

"யாருக்குத் தெரியும்? போர்க்காலத்துல எங்கே இருக்கோம்னு சிப்பாய்ங்க வீட்டுக்கு எழுதக் கூடாது. கடிதத்தை எல்லாம் அதிகாரிங்க பிரிச்சுப் படிப்பாங்க. எங்கேயோ ரொம்ப தூரத்துல இருக்கார்னு வீட்டுல நினைச்சுக்கிட்டாங்க. அப்புறம் அவர் வரல. அவரோட பெட்டிதான் வந்தது. அதுக்குள்ள இந்தப் படம் இருந்தது."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனாலும் சுண்டு தூங்குகிற அந்தச் சிப்பாயை மறுபடியும் எட்டிப் பார்த்தாள்.

அம்மா சட்டத்தின் ஆணிகளைக் குறடால் பிடுங்கினார். கண்ணாடியை எடுத்தார். படத்தைச் சுற்றியிருந்த அட்டையை விலக்கினார். உடனே அவருடைய புருவம் மேலே போனது.

"இதைப் பாருங்க அண்ணா. மேல் பக்கம் நாலு விரல் அகலத்துக்கு முன்பக்கமா மடிச்சு ஒட்டியிருக்கு. சட்டம் போட்டவங்க இதைப் பிரிச்சுப் பார்க்கவே இல்ல. மடிப்பு மேலேயே அட்டையை வச்சு மறைச்சிருக்காங்க. எந்தச் சோம்பேறி பண்ணின வேலையோ!"

"பழைய ஆளா இருக்கும்" என்றார் தபால் மாமா.

"பழைய ஆளாம்! இதெல்லாம் தொழிலா? படத்தோட ஓரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காம சட்டம் போடுறவங்களுக்குக் கையில குறடு எதுக்கு? இப்படிப்பட்டவங்களை எல்லாம் நிக்க வச்சுக் கேக்கணும்..."

சுண்டு இதற்குள் சட்டத்தின் பின்பலகையைப் புரட்டிப் பார்த்திருந்தாள். அதில் மங்கலாக ஒரு முத்திரை இருந்தது. முத்திரைக்குக் கீழே பேனாவால் தேதி, தேதிக்குப் பக்கத்தில் ஐந்து இதழ்ப் பூ ஒன்று.

"அம்மா."

"இரு, பேசிக்கிட்டு இருக்கேன்ல?"

"அம்மா, இது நம்ம கடை முத்திரை. இந்தப் பூ உன் பூ."

அம்மா பலகையை வாங்கிப் பார்த்தார். காது வரை சிவந்தார்.

"நான் இந்தக் கடையில வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம்... உங்க அப்பா கொண்டு வந்திருப்பார், அண்ணா. ஏதோ கிழிசலை ஒட்டியிருக்காங்கன்னு நினைச்சு, பயந்துக்கிட்டு அப்படியே விட்டிருப்பேன்."

"நிக்க வச்சுக் கேக்கலாமாம்மா?" என்றாள் சுண்டு.

"வாயை மூடு, வாலு! பஞ்சை எடு."

தபால் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மா பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மடிப்பின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தார். பழைய பசை இளகியதும் மெல்லிய தகடு ஒன்றை உள்ளே விட்டார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காகிதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வந்தது. கடைசியில் மடிப்பு முழுவதும் திறந்துகொண்டது.

உள்ளே ஒரு ஊர் இருந்தது.

பீரங்கிகளுக்கு அப்பால், பள்ளத்தில், குட்டிக் குட்டிக் கூரைகள். வளைந்து போகிற ஆறு. நடுவில் ஒரு மணிக்கூண்டு. மணிக்கூண்டுக்கு நேர் முன்னால், ஒரு வீட்டின் மேலே, ஒரு பக்கமாகச் சாய்ந்த புகைபோக்கி.

"ஐயோ!" என்று கத்தினாள் சுண்டு. "மாமா, உங்க வீடு!"

தபால் மாமா குனிந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"எங்க புகைபோக்கிதான்... அப்படின்னா தூரத்துல இல்லையா அவர்? இங்கேயா இருந்தார்? எங்க வீட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தாரா?"

"அதனாலதான் ஊர் தெரியிற பக்கத்தை மடிச்சு ஒட்டியிருக்கார். அதிகாரிங்க பார்த்தா படத்தையே கிழிச்சுப் போட்டிருப்பாங்க" என்றார் அம்மா.

சுண்டுவின் கண் அதற்குள் படத்தின் மூலைக்குப் போய்விட்டது. அங்கே பொடிப்பொடியாக ஏதோ எழுதியிருந்தது. அவள் ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தாள்.

"இன்று அவசரமாகக் கிளம்புகிறோம். வெடிக்காமல் பழுதாகிப்போன குண்டுகள் பதினொன்று. மூன்றாம் பீரங்கி நின்ற இடத்தில், தட்டைப் பாறைக்குப் பின்னால், ஓர் ஆள் ஆழத்தில் புதைத்திருக்கிறோம். போர் முடிந்ததும் இதைப் பிரித்து ஊரில் சொல்ல வேண்டும். மறக்கக் கூடாது."

'மறக்கக் கூடாது' என்ற சொற்களுக்குக் கீழே இரண்டு கோடுகள் இழுத்திருந்தன.

சுண்டு மூன்றாவது பீரங்கியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் தட்டையாகக் கிடந்த பாறையைப் பார்த்தாள். அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. அந்தப் பாறையில் அவள் எத்தனை முறை சறுக்கியிருக்கிறாள்!

"அம்மா! இது மெத்தைப் பாறை! பள்ளிக்கூடத்து மேடு! அப்பா அதுக்குப் பின்னாடிதான் தோண்டப் போறேன்னு சொன்னார்!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி பதினொன்று அடிக்க ஏழு நிமிடம் இருந்தது.

அம்மா பாய்ந்து தொலைபேசியை எடுத்தார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா எடுக்கவில்லை.

"வண்டி ஓடுற சத்தத்துல கேக்காதும்மா! நான் ஓடுறேன்!"

"மேட்டு ஏத்தம் ரொம்ப தூரம். என் சைக்கிள்ல ஏறு!" என்றார் தபால் மாமா.

"படம்! படத்தைக் காட்டினாத்தான் நம்புவாங்க!"

பதற்றத்திலும் அம்மாவுக்குத் தொழில் மறக்கவில்லை. படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து நாடாவால் கட்டி, சுண்டுவின் கையில் கொடுத்தார். "மடிக்காதே! கயிறு கட்டியிருந்தா அதுக்குள்ள கால் வைக்காதே! வெளியில நின்னே நிறுத்து. நான் போலீசுக்குச் சொல்றேன், அப்பாவையும் விடாம கூப்பிடுறேன். ஓடு!"

தபால் சைக்கிள் பறந்தது. பறந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் தபால் மாமா அந்தத் தெருவில் இருபத்தெட்டு வருடமாக ஓட்டுகிறவர், அவருடைய கைகளுக்கு வேறு எண்ணம் இருந்தது. தையல் கடை வாசலில் பிரேக் தானாக விழுந்தது.

"மாமா! இன்னிக்குத் தபால் இல்ல! போங்க!"

"பழக்கம்மா, பழக்கம்!"

மருந்துக் கடை வாசலில் மறுபடியும் பிரேக்.

"மாமா!"

"கை கேக்க மாட்டேங்குதே!"

மூன்றாவது முறை பிரேக் விழும் முன் சுண்டு பின்னாலிருந்து மணியை எட்டி அடித்துக்கொண்டே "வழி! வழி! வழி!" என்று கத்தினாள். தெருவில் நடந்தவர்கள் ஓரம் கட்டினார்கள். தபால் மாமாவும் பயந்து போய் மிதித்தார். ஏற்றம் வந்தது. சைக்கிள் முனகியது. அதை விடப் பலமாகத் தபால் மாமா முனகினார். பாதி ஏற்றத்தில் சுண்டு குதித்து இறங்கி, படத்தை மார்போடு அணைத்தபடி ஓடினாள். தபால் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார்.

டொம், டொம் என்று வண்டியின் சத்தம் கேட்டது. மஞ்சள் யானை மெத்தைப் பாறைக்குப் பின்னால் நின்றது. வேலை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. நீண்ட கை கீழே போனது, மண்ணை அள்ளியது, திரும்பியது, கொட்டியது. மறுபடியும் கீழே போனது.

சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றருகே கடிகார சார் நின்றார்.

"ஏய் பாப்பா! எங்கே ஓடுறே? உள்ளே வரக் கூடாது!"

"சார், வண்டியை நிறுத்தச் சொல்லுங்க! கீழே குண்டு இருக்கு!"

"குண்டாம்! இன்னிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கேன், அது உனக்குப் பொறுக்கலையா? போய் வேற இடத்துல விளையாடு."

சுண்டு கத்தினாள். "அப்பா! அப்பா!" அந்தச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கயிற்றுக்குக் கீழே நுழைந்து ஓடிவிடலாமா? அவளால் முடியும். ஆனால் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் காலையில் அந்தரத்தில் நின்ற அப்பாவின் கை அவளுக்கு ஞாபகம் வந்தது.

"மாமா! என்னைத் தூக்குங்க! தோள் மேல!"

தபால் மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. சைக்கிளைக் கீழே போட்டார், படத்தை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார், சுண்டுவைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார்.

சுண்டு இரண்டு கைகளையும் அகல விரித்தாள். விரல் நுனி வரை விறைப்பாக வைத்துக்கொண்டாள். 'பாருங்கப்பா. பாருங்கப்பா. பாருங்கப்பா.'

வாளி கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் அப்பாவின் கண் பட்டது.

மஞ்சள் யானை நின்றது. வாளி அந்தரத்தில் அப்படியே நிற்க, அதன் பற்களிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இயந்திரத்தின் சத்தம் அடங்கியது. மேட்டில் திடீரென்று ஓர் அமைதி. அந்த அமைதியில் வண்டிக்குள்ளிருந்து தொலைபேசி மணி கேட்டது. அம்மா சொன்னபடி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று குதித்தார் கடிகார சார். "ஒரு குழந்தை கையை விரிச்சா நிறுத்துறதா?"

"யார் விரிச்சாலும் நிறுத்துறதுதான் சார்" என்றபடி அப்பா இறங்கி வந்தார். "என்ன சுண்டு? இந்த முறை ரொட்டி இல்லைன்னு தெரியுது. சொல்லு."

தோளிலிருந்து இறங்கிச் சுண்டு சொன்னாள். மூச்சு விடாமல், முன்னுக்குப் பின்னாக, காலுறை, மடிப்பு, பூ, குண்டு என்று எல்லாவற்றையும் கலந்து சொன்னாள். அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. அவர் முகம் வெளுத்தது.

கடிகார சாருக்கு அது போதவில்லை. அட்டைகளைப் பிரித்துப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பாறைன்னா எல்லாம் பாறைதான். மேடுன்னா எல்லாம் மேடுதான். எந்த ஊர் மேடோ! இதுக்காக வேலையை நிறுத்தினா நான் மேலே என்ன பதில் சொல்றது? அஞ்சு நிமிஷம் போயாச்சு!"

சுண்டுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தில் கத்தினால் பெரியவர்கள் கத்தலைத்தான் கேட்பார்கள், விஷயத்தைக் கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். படத்தைத் திரும்ப வாங்கி நீட்டிப் பிடித்துக்கொண்டு, கயிற்றுக்கு வெளியிலேயே நடந்தாள். ஊரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். இரண்டடி இடது பக்கம் போனாள். ஓரடி திரும்பி வந்தாள். நின்றாள்.

"சார், அரை நிமிஷம் குடுங்க. உங்க கடிகாரத்துலயே பாத்துக்கோங்க. இங்கே வந்து நில்லுங்க."

அரை நிமிடம் என்று கணக்காகச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்ததோ என்னவோ, வந்து நின்றார்.

"இப்போ ஒரு கண்ணை மூடுங்க. படத்தைப் பாருங்க. அப்புறம் ஊரைப் பாருங்க."

கடிகார சார் ஒரு கண்ணை மூடினார். படத்தில் மணிக்கூண்டு கோணல் புகைபோக்கியின் வாயிலிருந்து முளைத்த மாதிரி, நேர் பின்னால் நின்றது. தலையை உயர்த்தினார். ஊரிலும் மணிக்கூண்டு கோணல் புகைபோக்கியின் வாயிலிருந்துதான் முளைத்திருந்தது. ஆற்றின் வளைவு அதே இடத்தில் இருந்தது. அவர் காலடிக்கு முன்னால் மெத்தைப் பாறை. அதற்குப் பின்னால், மூன்றாம் பீரங்கி நின்ற இடத்தில், மஞ்சள் யானை.

"இந்தக் கோணல் உலகத்துல எங்க வீட்டுல மட்டும்தான் சார் இருக்கு" என்றார் தபால் மாமா.

கடிகார சார் மூடிய கண்ணைத் திறந்தார். வாயையும் திறந்தார்.

"எல்லாரும் கீழே இறங்குங்க!" என்று ஒரு கூச்சல் போட்டார். போட்ட கையோடு முதல் ஆளாக இறங்கியவரும் அவர்தான். அன்றைக்கு அவர் ஓடிய வேகத்துக்கு அவருடைய கடிகாரத்தால் கூட ஈடு கொடுத்திருக்க முடியாது.

மேட்டின் அடிவாரத்தில் அப்பா மண்டியிட்டுச் சுண்டுவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எவ்வளவு பெரிய வண்டியைச் சுலபமாக ஓட்டுகிற கைகள் அவை! இப்போது அவளை விடவே மறுத்தன. சுண்டுவுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அப்பாவின் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

போலீஸ் வந்தது. வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்களை எல்லாம் வீட்டை விட்டு வெளியே அனுப்பினார்கள். மறுநாள் மாலை வரை யாரும் மேட்டுப் பக்கம் போகவில்லை. மறுநாள் மாலை நிபுணர்களின் தலைவி கடைக்கே வந்தார்.

"பதினொண்ணு" என்றார். "கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எல்லாத்தையும் பத்திரமா எடுத்துட்டோம். வண்டியோட வாளிக்கும் முதல் குண்டுக்கும் நடுவுல ஒரு முழம் மண்ணுதான் இருந்தது."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வரைஞ்சவர் அளவு ரொம்பத் துல்லியம்" என்று சேர்த்துச் சொன்னார் அந்தத் தலைவி.

"குறி தப்பாதுங்க. புகைபோக்கியில மட்டும்தான் தப்பும்" என்றார் தபால் மாமா.

மூன்றாவது நாள் அம்மா படத்துக்குப் புதுச் சட்டம் போட உட்கார்ந்தார். இந்த முறை மடிப்பு இல்லை. ஓரங்கள் எல்லாம் தெரிகிற மாதிரி அகலமான சட்டம். படத்தின் மேலிருந்த அழுக்கை மென்மையான ரப்பரால் ஒற்றி எடுக்கிற வேலை சுண்டுவுக்குக் கிடைத்தது. தபால் மாமா எதிரில் உட்கார்ந்து, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோணல் புகைபோக்கிக்குப் பக்கத்தில், மொட்டை மாடியில், ஒரு கரும்புள்ளி இருந்தது.

"ஈ எச்சம்" என்று ரப்பரை அதன் மேல் கொண்டு போன சுண்டு, சட்டென்று நிறுத்தினாள். "அம்மா, பூதக்கண்ணாடி குடு."

பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபோது ஈ எச்சத்துக்கு இரண்டு கால்கள் இருந்தன. இரண்டு கைகளும் இருந்தன. ஒரு கை மேலே தூக்கியிருந்தது. அதிலிருந்து மயிரிழை போன்ற ஒரு கோடு வானத்துக்குப் போய், ஒரு குட்டிப் பட்டத்தில் முடிந்தது.

"மாமா, உங்க வீட்டு மாடியில ஒரு சின்னப் பையன் பட்டம் விடுறான்."

தபால் மாமா பூதக்கண்ணாடியை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்க அப்பா" என்றார் மெதுவாக. "அப்போ அவருக்கு ஆறு வயசு. 'என் அப்பா எங்கேயோ தூரத்துல இருந்தார், என்னைப் பார்க்கவே இல்ல'ன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தார். தாத்தா பார்த்திருக்கார்ம்மா. தினமும் பார்த்திருக்கார்."

கண்ணீர் அவர் கன்னத்தில் வழிந்தது. ஆனால் முகம் சிரித்தது. அம்மா படத்தை அவருக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார். பென்சில் படத்தில் ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத்தானே தெரியும்!

சட்டம் தயாரானது. அம்மா பின்பலகையில் முத்திரை குத்தி, தேதி போட்டு, ஐந்து இதழ்ப் பூவை வரைந்தார். கொஞ்சம் யோசித்து, பூவுக்குப் பக்கத்தில் 'ஓரம் பார்த்தாயிற்று' என்று எழுதினார்.

தபால் மாமா படத்தை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனார். ஏதோ நினைத்துக்கொண்டவராகத் திரும்பி வந்தார். தோள் பையைத் திறந்து, பதிவுத் தபால் கொடுக்கும்போது நீட்டுகிற ஒப்புகைச் சீட்டு ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். அனுப்பியவர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தார்.

"எங்க தாத்தா ஊருக்கு ஒரு சேதி எழுதி வச்சார். இத்தனை வருஷமா அது எங்க வீட்டுச் சுவர்லயே தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. தபால்காரன் வீட்டுல, பாரேன்! அதை வாங்கிக்கிட்டது நீதானே? கையெழுத்துப் போடு. இல்லேன்னா தபால் சேர்ந்ததா ஆகாது."

சுண்டு அம்மா நீட்டிய பேனாவை வேண்டாம் என்று தள்ளினாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, தன் முழுப் பெயரையும் எழுதினாள். அதற்குக் கீழே இரண்டு கோடுகள் இழுத்தாள்.